முதல் நாள் சைக்கிள் வகுப்புக்குப் போகுமுன்

(தோட்ட சனசமூக மண்டபத்தில் நிலைச் சைக்கிள் பயிற்சி வகுப்பு தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பெயர் கொடுத்திருந்தவர்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லீவு நாளில் துணி துவைக்கிற வேலை, விறகு எடுக்கிற வேலை எல்லாவற்றையும் வைத்துவிட்டு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். சுவரோரமாக வரிசையாக நிற்கிற அந்தச் சைக்கிள்களைப் பார்த்து, "இது என்னங்க, எங்கேயும் போகாத சைக்கிளு? இதுல ஏறி என்ன பண்றது?" என்று ஒரு பெரியம்மா வாசலில் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைய பேச்சு. வகுப்பு அடுத்த வாரம்தான். இன்றைக்கு யாரும் ஏறி மிதிக்க வேண்டாம். முதல் நாளுக்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதை மட்டும் கதைப்போம்.

இது என்ன சைக்கிள்?

ஓடாத சைக்கிள் புதிய விஷயம் இல்லை. 1912ஆம் ஆண்டு கடலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே இப்படிப்பட்ட சைக்கிள்கள் இருந்தன. ஆனால் பல பேர் ஒன்றாக உட்கார்ந்து, பாட்டுப் போட்டு, ஒரு ஆசிரியர் சொல்லச் சொல்ல மிதிக்கிற வகுப்பு பின்னால் வந்தது. தென்னாபிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறிய ஜொனி கோல்ட்பேர்க் என்ற சைக்கிள் வீரர், 1980களில் நெடுந்தூரப் போட்டிக்காகத் தன் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்தார். அந்த முறையைத்தான் அவர் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து, 'ஸ்பின்னிங்' என்று பெயர் வைத்தார். 1990களின் நடுவில் ஷ்வின் என்ற சைக்கிள் கம்பெனி அதற்கான சைக்கிள்களைச் செய்து விற்றது. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவி, கொழும்பு, கண்டி உடற்பயிற்சி நிலையங்களுக்கும் வந்தது. இப்போது நமது மண்டபத்துக்கும் வந்திருக்கிறது.

இந்தச் சைக்கிளில் கவனிக்க வேண்டியவை மூன்று. முன்னால் ஒரு பாரமான இரும்புச் சில்லு இருக்கிறது. நீங்கள் மிதித்தால் அது சுற்றும். ஹேண்டிலுக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கிறது. அதை வலது பக்கம் திருகினால் மிதிப்பது பாரமாகும், இடது பக்கம் திருகினால் இலேசாகும். அதே குமிழை நேராகக் கீழே அமுக்கினால் அதுதான் பிரேக். சில்லு, குமிழ், பிரேக். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குமிழைப் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். இன்றைய பேச்சின் முக்கிய விஷயமே அதுதான்.

"நாங்க மலை ஏறி இறங்குறோமே, எங்களுக்கு எதுக்கு?"

இந்தக் கேள்வி நியாயமானது. விடியக்காலையில் எழும்பி, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்குப் போய், நாள் முழுக்க நின்றுகொண்டே கொழுந்து எடுத்து, கூடையைச் சுமந்து நிறுவைக்கு வருகிறவரிடம் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொன்னால் கோபம்தான் வரும்.

உங்கள் வேலை கடினமான வேலை. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலையில் இடுப்பும் முதுகும் தோளும் பாரத்தைத் தாங்குகின்றன. கால்கள் நிற்கின்றன, அங்குலம் அங்குலமாக நகருகின்றன. இருபது நிமிடம் விடாமல் ஒரே சீராக மூச்சு வாங்கி, இதயம் வேகமாகத் துடித்து, கை கால் தளர்வாக அசைகிற வேலை அது இல்லை. உடம்பு களைத்துப் போவது வேறு, இதயமும் சுவாசப்பையும் பழகுவது வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே வந்திருக்கிற எல்லோரும் மலைக்குப் போகிறவர்கள் இல்லை. வேலையிலிருந்து நின்றுவிட்ட பெரியவர்கள் இருக்கிறீர்கள். ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற தங்கைகள் இருக்கிறீர்கள். ஓட்டோ ஓட்டுகிற தம்பிமார் இருக்கிறீர்கள். நாற்பது வருஷம் மலையில் நடந்த உடம்பு, வேலை நின்றதும் லயத்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் சாப்பாடும், மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும் பழைய அளவில்தான் நடக்கிறது. சீனி வருத்தமும் பிரஷரும் வர இதுவும் ஒரு காரணம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சைக்கிளில் ஒரு நன்மை உண்டு. மலைப்பாதையில் இறங்கும்போது உடம்பின் பாரம் முழுக்க முழங்காலில் விழுகிறது. சைக்கிளில் உடம்பின் பாரத்தைச் சீட் தாங்கிக்கொள்கிறது. முழங்கால் மடங்கி நீளும், ஆனால் அடி வாங்காது.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தரமான உடலசைவு பெற வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வேகமாக நடப்பதும் அதில் சேரும், மலையில் செய்கிற வேலையும் சேரும். சைக்கிள் அதற்கு ஒரு வழி மட்டும்தான்.

முதலில் டொக்டரிடம் கேட்க வேண்டியவர்கள்

வகுப்புக்கு வரும் முன் சிலர் கட்டாயம் கிளினிக்குக்குப் போய் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும்.

இதய வருத்தம் உள்ளவர்கள், நடக்கும்போது நெஞ்சு இறுக்குகிறவர்கள், தலை சுற்றி விழுந்தவர்கள், அண்மையில் ஒப்பரேஷன் செய்தவர்கள். பிரஷர் அளவு மேலே 180, கீழே 110 என்று ஏறி நிற்பவர்கள், மருந்தால் அது குறையும்வரை சைக்கிளில் ஏறக்கூடாது. கர்ப்பிணித் தாய்மார் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். இரத்தச்சோகை உள்ள பெண்கள் படி ஏறினாலே மூச்சு வாங்குவார்கள். அவர்கள் முதலில் அதற்கு மருந்து எடுக்க வேண்டும். களைப்பைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து, சைக்கிள் மிதித்தால் சரியாகிவிடும் என்று வர வேண்டாம்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்களும் மாத்திரை போடுகிறவர்களும் கவனியுங்கள். உடற்பயிற்சி செய்யும்போது இரத்தத்தில் சீனி இறங்கும். அது நல்லதுதான். ஆனால் இன்சுலினும், சில வகை மாத்திரைகளும் ஏற்கெனவே சீனியை இறக்குகின்றன. இரண்டும் சேர்ந்தால் அளவுக்கு மேல் இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பசி வயிற்றைக் கிள்ளும், தலை கிறுகிறுக்கும். உடனே இறங்கி, மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தரம் குடிக்க வேண்டும். ஆகவே நீங்கள் வரும்போது ஒரு சிறிய பொட்டலம் சீனியோ, நாலு டொபியோ பையில் இருக்கட்டும். உங்கள் மாத்திரை எந்த வகை என்று கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு வந்ததும் "எனக்குச் சீனி இருக்குதுங்க" என்று என்னிடம் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

என்ன உடுத்துவது, என்ன கொண்டுவருவது?

சேலை, பாவாடை, கைலி, தொங்குகிற துப்பட்டா எதுவும் வேண்டாம். பெடல் சுற்றும்போது துணி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். சல்வார் கால்சட்டை போதும், ஆனால் கணுக்காலுக்கு மேல் ஒரு றபர் வளையம் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். ட்ரக் பொட்டம் இருந்தால் இன்னும் நல்லது. மேலே ஒரு தளர்வான டீ சேட். மகனுடையது, தம்பியுடையது எதுவானாலும் பரவாயில்லை. இதற்காகக் கடன் வாங்கிப் புது உடுப்பு எடுக்க வேண்டாம். தாலிக்கொடியை உடுப்புக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கூந்தலை முடிந்துகொள்ளுங்கள்.

தாய்மாருக்கு ஒரு விஷயம். உள்ளாடையில் தடித்த தையல் இருந்தால் சீட்டில் உராய்ந்து புண்ணாகும். மெல்லிய தையல் உள்ள பருத்தி உள்ளாடை போடுங்கள். மாதவிலக்கு நாட்களிலும் உடம்புக்கு முடிந்தால் வரலாம். முடியாவிட்டால் விட்டுவிடலாம். அது உங்கள் விருப்பம்.

காலுக்குச் சப்பாத்து வேண்டும். செருப்பு கூடாது, வெறுங்காலும் கூடாது. அடிப்பகுதி வளையாமல் கொஞ்சம் விறைப்பாக இருக்கிற கன்வஸ் சப்பாத்து போதும். லேஸை முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகிவிடுங்கள். அட்டைக்குப் பயந்து போடுகிற நீளமான காலுறை இங்கே தேவையில்லை, சாதாரண காலுறை போதும். சீனி உள்ளவர்கள் வகுப்புக்கு முன்னும் பின்னும் பாதத்தைப் பார்க்க வேண்டும். கொப்புளமோ காயமோ இருந்தால் அன்றைக்கு ஏற வேண்டாம்.

ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீர். வியர்வை துடைக்க ஒரு சின்னத் துவாய். அவ்வளவுதான் சாமான்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பு மாலை ஐந்தரைக்கு. நாலு மணிக்கு அரை ரொட்டியோ, ஒரு வாழைப்பழமோ, தேத்தண்ணியோடு எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தால் புரட்டும். ஒன்றும் சாப்பிடாமல் வந்தால் மயக்கம் வரும். ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். குளிர் நாளென்றால் தாகம் தெரியாது, ஆனாலும் உடம்பு வியர்க்கும். ஆகவே மிதிக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு மிடறு குடியுங்கள்.

வெற்றிலை போடுகிறவர்கள் தயவுசெய்து துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு ஏறுங்கள். வாயில் அடக்கிக்கொண்டு மூச்சு வாங்கினால் பாக்குத்துண்டு தொண்டையில் இறங்கிவிடும். சாராயம் குடித்துவிட்டு வருகிறவருக்குச் சைக்கிள் கிடையாது. அவரிடம் எனக்குக் கோபமில்லை, ஆனால் ஏற்ற மாட்டேன்.

கால் மணி நேரம் முன்னதாக வாருங்கள்

முதல் நாள் ஐந்தேகாலுக்கே வந்துவிடுங்கள். சைக்கிளை உங்கள் உடம்புக்குத் தக்கபடி சரிபண்ண வேண்டும். ஐந்தடி உயரமான அக்காவுக்கு வைத்த சீட், ஆறடித் தம்பிக்குச் சரிவராது. முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் பாதிக் காரணம் சீட்டின் உயரம்தான்.

முதலில் சைக்கிளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கையை இடுப்பின் பக்கத்தில் வைத்தால் ஒரு எலும்பு மேடாகத் தட்டுப்படும். சீட் அந்த எலும்பின் மட்டத்துக்கு இருக்கட்டும். இது ஆரம்ப அளவு.

அடுத்து ஏறி உட்காருங்கள். ஒரு பெடலைக் கீழே முழுக்க இறக்கி, அதில் குதிகாலை வையுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு குதிகாலை எடுத்து, பெருவிரலுக்குப் பின்னால் இருக்கிற அகன்ற பாகத்தைப் பெடலில் வையுங்கள். இப்போது முழங்கால் கொஞ்சமாக மடங்கியிருக்கும். அதுதான் சரி. மிதிக்கிறதும் அந்த அகன்ற பாகத்தால்தான். பாதத்தின் நடுவாலோ குதிகாலாலோ மிதிக்கக்கூடாது.

சீட் அதிகம் பதிந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். அதிகம் உயர்ந்திருந்தால் மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: "அக்கா, என் இடுப்பு ஆடுதா?"

மூன்றாவது, சீட்டை முன்னுக்குப் பின் நகர்த்துவது. இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வையுங்கள். முன்னால் இருக்கிற முழங்காலிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால், அது பெடலின் நடு அச்சுக்கு நேராக விழ வேண்டும். வீடு கட்டும் மேசன் குண்டுநூல் பிடிக்கிற மாதிரித்தான்.

நான்காவது ஹேண்டில். புதியவர்களுக்கு அது சீட்டின் மட்டத்திலோ அதைவிடக் கொஞ்சம் உயரமாகவோ இருக்கட்டும். கொழுந்தெடுத்து முதுகு வலிக்கிறவர்கள் இன்னும் உயர்த்திக்கொள்ளுங்கள். முழங்கையை விறைப்பாக நீட்டாமல் இலேசாக மடக்குங்கள். தோளைக் காதுவரை தூக்க வேண்டாம். கையால் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் விரல் மரத்துப்போகும். மெதுவாகப் பிடித்தால் போதும்.

சரியான அளவு கிடைத்ததும், சீட்டுக் கம்பியிலும் ஹேண்டில் கம்பியிலும் இருக்கிற இலக்கங்களை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். அடுத்த நாள் வந்ததும் நேரே அந்த அளவில் வைக்கலாம். திருகாணிகளை இறுக்கிவிட்டுத்தான் ஏற வேண்டும். பெடலில் இருக்கிற பட்டியையும் சப்பாத்தின் மேல் இறுக்கிக்கொள்ளுங்கள்.

இந்தச் சில்லு தானாக நிற்காது

ரோட்டில் ஓடுகிற சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பெடல் நிற்கும், சில்லு மட்டும் ஓடும். இந்தச் சைக்கிள் அப்படி இல்லை. பெடலும் சில்லும் ஒன்றாகக் கட்டப்பட்டவை. நீங்கள் காலை நிறுத்தப் பார்த்தாலும் பாரமான சில்லு சுற்றிக்கொண்டே இருந்து, பெடலையும் உங்கள் காலையும் இழுத்துக்கொண்டு போகும். ரோட்டுச் சைக்கிள் நன்றாக ஓடுகிற இளைஞர்கள்தான் இதில் ஏமாறுவார்கள்.

ஆகவே நிறுத்துவதென்றால், மெல்ல மெல்ல வேகத்தைக் குறையுங்கள். அவசரமென்றால் குமிழைக் கீழே அமுக்குங்கள். சில்லு முழுக்க நிற்கும்வரை காலைப் பெடலிலிருந்து எடுக்கக் கூடாது. ஓடுகிற பெடல் கெண்டைக்காலில் அடித்தால் தோல் கிழிந்துவிடும். சின்னப் பிள்ளைகளை வகுப்பு நேரம் சைக்கிளுக்குப் பக்கத்தில் விடக் கூடாது. ஒரு விரல் சில்லுக்குள் போனால் போனதுதான். பிள்ளைகளை மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள முறை வைத்து ஒருவர் இருக்கட்டும்.

முதல் நாள் எவ்வளவு மிதிப்பது?

முதல் நாளுக்கு 30 நிமிடம் போதும். முதல் 8 நிமிடம் குமிழ் மிக இலேசாக, உடம்பைச் சூடாக்க மட்டும். மலைநாட்டுக் குளிரில் தசைகள் இறுகியிருக்கும், இந்த எட்டு நிமிடத்தைத் தவறவிடக் கூடாது. அடுத்த 15 நிமிடம் கொஞ்சம் பாரம். அதில் மூன்று தரம், ஒவ்வொரு நிமிடம் மட்டும், ஏற்றத்தில் போகிற மாதிரி இன்னும் சிறிது பாரம் வைப்போம். கடைசி 7 நிமிடம் திரும்ப இலேசாக மிதித்து உடம்பை ஆற்றுவோம். முதல் நாள் யாரும் சீட்டிலிருந்து எழும்பி நின்று மிதிக்க வேண்டாம். அது மூன்றாம் நான்காம் வகுப்பில் பார்க்கலாம்.

வேகத்தை எப்படி அறிவது? வலது முழங்கால் மேலே வருவதைப் பதினைந்து வினாடி எண்ணுங்கள். 20 தரம் வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று. சமதரையில் போவது போன்ற மிதிப்புக்கு அது சரியான வேகம். ஏற்றத்துக்கு 15 தரம், அதாவது 60 சுற்றுப் போதும். குமிழை முழுக்கத் தளர்த்திவிட்டுக் கடகடவென்று சுற்றுவது திறமை இல்லை. அப்போது சில்லுத்தான் உங்களை இழுக்கும், சீட்டில் துள்ளுவீர்கள்.

பாரம் சரியா என்பதற்கு வாயே அளவுகோல். பக்கத்தில் இருக்கிறவரோடு, பக்கத்து நிரைக்காரியோடு கதைக்கிற மாதிரி ஒரு சின்ன வாக்கியம் சொல்லிப் பாருங்கள். பாட்டே பாட முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் பாரம் வைக்கலாம். மூச்சு வாங்கினாலும் வாக்கியத்தை முடிக்க முடிகிறது என்றால் சரியான அளவு. ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் அதிகம். உடனே குமிழை இடது பக்கம் திருகுங்கள். நாடி பிடித்து எண்ணுகிற முறையும் உண்டு. ஆனால் பிரஷருக்கு எடுக்கிற சில மாத்திரைகள் நாடியை ஏறவிடாது, கணக்கு பிழைத்துப் போகும். பேசிப் பார்க்கிற முறை எல்லோருக்கும் பொருந்தும்.

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, தலைச்சுற்று, கண் இருட்டு, வழக்கமில்லாத மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் நிறுத்துங்கள், என்னைக் கூப்பிடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அந்த இலக்கத்தை மண்டபச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுவோம்.

பலசாலிகளுக்கு ஒரு எச்சரிக்கை

இப்போது சொல்லப் போவதுதான் இன்றைக்கு முக்கியமானது. தூங்குகிறவர்களைப் பக்கத்தில் இருப்பவர்கள் தட்டி எழுப்பிவிடுங்கள்.

முதல் நாளிலேயே மிகக் கடுமையாக மிதித்தால், தொடையின் தசை நார்கள் உடைந்து, அதிலுள்ள பொருட்கள் இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற சிறுநீரகம் அதைத் தாங்க முடியாமல் பழுதாகலாம். 2017ஆம் ஆண்டு ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் இதைப்பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதுவரை சைக்கிள் வகுப்பால் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களாகப் பதிவான 46 பேரில் 42 பேர் தங்கள் முதல் வகுப்பிலேயே பாதிக்கப்பட்டவர்கள். இது அபூர்வமாகத்தான் நடக்கிறது, பயந்து வீட்டில் இருந்துவிட வேண்டாம். ஆனால் அது நடப்பது பெரும்பாலும் முதல் நாளில் என்பதை மறக்க வேண்டாம்.

பாதிக்கப்பட்டவர்கள் நோயாளிகள், வயதானவர்கள் என்று நினைக்காதீர்கள். நல்ல திடமான இளம் ஆட்களும் உண்டு. பலவீனமான ஆள் களைத்ததும் இறங்கிவிடுவார். பலமான ஆள்தான் களைப்பை மீறி மிதிப்பார். இங்கேதான் எனக்குப் பயம். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்கள் களைப்பைத் தாங்கிப் பழகியவர்கள். மழையோ வெயிலோ, இடுப்பு ஒடிந்தாலும் நிரையை முடித்துவிட்டுத்தான் நிமிருகிறவர்கள். "முடியலை" என்று சொன்னால் அரைப்பேர் ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தவர்கள். அந்தப் பழக்கத்தை இந்தச் சைக்கிளுக்குக் கொண்டுவர வேண்டாம். இங்கே நிறுவை இல்லை, கிலோக் கணக்கு இல்லை, அரைப்பேர் இல்லை. யாரும் உங்களைக் கொப்பியில் எழுதப் போவதில்லை.

மலையில் பலமான கால், சைக்கிளில் புதிய கால்தான். கவ்வாத்துக்குப் புதிதாக வருகிற பையனுக்கு முதல் நாளே முழுக் கணக்கைக் கொடுத்தால் கை என்னாகும் என்று கங்காணிமாருக்குத் தெரியும். அப்படித்தான் இதுவும்.

நான் முன்னால் இருந்து, "இன்னும் கொஞ்சம் திருகுங்க" என்று சொல்லுவேன். அது எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது. உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. முடியாவிட்டால் திருகாதீர்கள். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கலாம். பத்து நிமிடத்தோடு இறங்கி வீட்டுக்கும் போகலாம். குமிழ் உங்கள் கையில்தான் இருக்கிறது, என் கையில் இல்லை.

வகுப்பு முடிந்து ஒன்றிரண்டு நாளில் தொடை கொஞ்சம் வலிப்பது வழக்கம். ஆனால் தொடை வீங்கி, காலை மடக்க முடியாமல், தாங்க முடியாத வலி வந்தாலோ, சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ, ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "சைக்கிள் வகுப்புக்குப் போனேன், சிறுநீர் இப்படிப் போகுது" என்று டொக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

வகுப்பு முடிந்த பிறகு

இறங்கியதும் உடனே உட்காராதீர்கள், தலை சுற்றும். மண்டபத்தை இரண்டு சுற்று மெல்ல நடந்து, தொடையையும் கெண்டைக்காலையும் நீட்டி இழுத்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் அரை நிமிடம் பிடித்தால் போதும், துள்ளித் துள்ளி இழுக்க வேண்டாம். வியர்வை நனைந்த உடுப்போடு குளிர்காற்றில் நிற்காமல் போர்த்திக்கொண்டு போங்கள். வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்து, வழக்கமான இரவுச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். பருப்பு, முட்டை, கருவாடு, கீரை எது இருந்தாலும் சரி.

உட்காரும் இடம் இரண்டு மூன்று நாள் நோகும். எல்லோருக்கும் அப்படித்தான். மூன்று நான்கு வகுப்பில் பழகிவிடும். ஆனால் மிதிக்கும்போதே அந்த இடம் மரத்துப்போனால் சீட் பிழை என்று அர்த்தம். வெட்கப்படாமல் சொல்லுங்கள், சரிபண்ணித் தருகிறேன்.

முதல் வகுப்புக்கும் இரண்டாவது வகுப்புக்கும் இடையில் இரண்டு நாளாவது விடுங்கள். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு தரம் போதும். "ஒரு வாரம் போனேன், ஒண்ணும் குறையலை" என்று நிறுத்தாதீர்கள். பதறாத காரியம் சிதறாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கடைசியாக, வகுப்புக்குப் பெயர் கொடுக்காத அண்ணன்மாருக்கும் மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண்ணுக்கு மாலை ஐந்து மணி என்பது அடுப்பு, தண்ணீர், பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் சேர்ந்து வருகிற நேரம். வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் அவர் இங்கே வந்துபோக வேண்டுமானால், அந்த நேரம் வேறு யாராவது அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அவர் வீட்டுக்கு வந்து இரண்டு மடங்கு வேலை செய்வதானால், இந்தப் பயிற்சி அவருக்கு இன்னொரு சுமைதான். "இந்த வயசுல சைக்கிளா?" என்று சிரிக்கவும் வேண்டாம். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே வராமல் போகிறவர்கள் உண்டு.

வருகிறவர்களே, நீங்களும் பயப்பட வேண்டாம். பழைய சைக்கிளில் உட்காராதவர்களும் இதில் ஏறலாம், இது விழாது. ஆளுக்கொரு சைக்கிள், ஆளுக்கொரு குமிழ். மெதுவாகத் தொடங்குவோம். அடுத்த வாரம் ஐந்தேகாலுக்குச் சந்திப்போம்.